மூஞ்சூறுக்கு ஏன் முயல் காது?

கண்காட்சி வைத்தால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "எங்கேருந்து சார் உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் வருது?" என்று கேட்டுவிடுகிறார். விலங்குச் சிற்பம் செய்கிறவன் என்பதால் முதுமலை, வால்பாறை என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வந்தது கொசப்பேட்டையில், ஒரு மூஞ்சூறு வழியாக.

எங்கள் வீடு புரசைவாக்கம். பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் கொசப்பேட்டைத் தெருவில் களிமண் பிள்ளையார்களைக் காயவைத்திருப்பார்கள். ஏழாவது படிக்கும்போது பள்ளி விட்டதும் நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். தொல்லை தாங்காமல் ஒரு பெரியவர் மூஞ்சூறு அச்சையும் கொஞ்சம் மண்ணையும் என் பக்கம் தள்ளிவிட்டார். இரண்டு பாதி அச்சு. மண்ணை அமுக்கி, சேர்த்து, ஓரத்தில் பிதுங்குவதை வழித்துவிட வேண்டும். எல்லா மூஞ்சூறுக்கும் ஒரே உருண்டை முகம், முயலுக்கு வைக்கிற மாதிரி காது.

எங்கள் சமையலறையில் நிஜ மூஞ்சூறு ஒன்று குடியிருந்தது. ராத்திரியில் கீச்கீச்சென்று சுவரை ஒட்டியே ஓடும். நடு அறையில் அது ஓடி நான் பார்த்ததில்லை. நீள மூக்கு ஒரு நொடி சும்மா இருக்காது. கண் கடுகளவு. காதைத் தேடத்தான் வேண்டும். (அது எலி இனமே இல்லை, பூச்சி தின்கிற தனி இனம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.) மறுநாள் அச்சிலிருந்து எடுத்த ஒன்றின் காதைக் கிள்ளிவிட்டு மூக்கை இழுத்துவிட்டேன். பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஓடும்டா" என்றார். பிள்ளையார் வாங்க வந்த அம்மாவோ, "ஐயே, இது வேணாம், அந்தக் காது வச்சது குடுங்க" என்றார்.

அப்புறம் கவின்கலைக் கல்லூரி. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடம். அந்தச் சிலையில் பாறையை நெம்புகிற நாலு பேரின் முகத்தை விடுங்கள், கெண்டைக்காலைப் பாருங்கள். பாரம் அங்கேதான் இருக்கிறது. விலங்கின் எலும்பைப் படிக்க எழும்பூர் மியூசியத்துக்குப் போவேன். நாயின் பின்காலில் பின்பக்கமாக மடிகிற இடத்தை அதுவரை முழங்கால் என்றே நினைத்திருந்தேன். அது குதிகால்! முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போல முன்பக்கம்தான் மடிகிறது.

இப்போது என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது "ரெஃபரன்ஸ் போட்டோ அனுப்புங்க சார்". போட்டோ வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் போட்டோவுக்கு முதுகு கிடையாது. சிற்பத்தைச் சுற்றி வருகிறவனுக்கு முதுகும் வேண்டும். பூங்காக்களில் நிற்கிற ஃபைபர் மான்களை ஒருமுறை பின்பக்கம் போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ரொம்பப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டுக்கு வெளிமான் ஜோடி செய்தேன். கம்பிக்கூடு கட்டி, மண் ஏற்றி, அச்செடுத்து, ஃபைபரில் வார்த்து, எல்லாம் முடிந்த பிறகு, "கொம்பு கிளைகிளையா இல்லையே, பாத்தா மான் மாதிரியே இல்ல" என்றார்கள். வெளிமானுக்கு முறுக்கிய கொம்பு சார், வளையம் வளையமாக இருக்கும், விழுந்து முளைக்காது. கிளைக்கொம்பு புள்ளிமானுக்கு, அதுதான் உதிர்ந்து முளைக்கும் என்று அரைமணி நேரம் பேசினேன். பாக்கிப் பணம் அவர்கள் கையில் இருந்தது. சரி என்று வெளிமான் உடம்பில் புள்ளிமான் கொம்பை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். இன்றும் நிற்கிறது. ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. நிஜ மான் அப்படி நிற்பது இரண்டு நொடி இருக்குமா? பக்கத்தில் தனிக்கல்லில் ஒரு குரங்கு இன்னொன்றுக்குப் பேன் பார்க்கிறது. தெய்வத்துக்குத் தாளக் கணக்கு உண்டு, முகம் இத்தனை, உடம்பு இத்தனை என்று. பேன் பார்க்கிற விரலுக்கு எந்தக் கணக்கு? 7ஆம் நூற்றாண்டில் எவனோ ஒருத்தன் வேலையை விட்டுவிட்டுக் குரங்குகளுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் திட்டும் வாங்கியிருப்பான்.

போன ஞாயிறு கிண்டி சிறுவர் பூங்காவில், கையில் எலுமிச்சை அளவு களிமண்ணோடு வேலியோரம் நின்றிருந்தேன். காவலாளி வந்து, "ஒரு மணி நேரமா என்ன சார் பாக்குறீங்க? படுத்துதான கெடக்கு" என்றார்.

"படுக்கும்போது எந்த முன்னங்காலை அடியில மடிக்குதுன்னு பாக்குறேன்" என்றேன்.

அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மான் எழுந்தது, இரண்டு அடி நகர்ந்தது, மறுபடி படுத்தது.

"இடது" என்றார்.