அந்த ரோபோ கை யாருடைய பக்கம்?
தன் உயிர்த்திரவம் கசிந்து ஓட, அதை அள்ளி அள்ளிச் சேர்த்துக் களைத்து, கடைசியில் செத்துப்போன ரோபோ என்று சோக இசையோடு ஒரு வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கதை தவறு. அந்தத் தவறு, படைப்பு கேட்கும் கேள்வியையே மறைத்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

பெய்ஜிங் கலைஞர்கள் சுன் யுவான், பெங் யூ இருவரும் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காக 2016-ல் உருவாக்கிய 'கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' என்ற கலைப்படைப்பு அது. 2019-ல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியிலும் இடம்பெற்றது.

கை, குக்கா நிறுவனத்தின் தொழிற்சாலை ரோபோ. மின்சாரத்தில், மூட்டுக்கு மூட்டு சர்வோ மோட்டாரில் ஓடுவது. உயிர்த்திரவம் என்று சொல்ல, அழுத்தத்தால் இயந்திரத்தை இயக்கும் ஹைட்ராலிக் ஆயிலே அதில் கிடையாது. தரையில் கிடக்கும் சிவப்புத் திரவத்துக்கும் அதன் ஓட்டத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது சாயத் தண்ணீரில் கரைத்த செல்லுலோஸ் ஈதர். டைல்ஸ் பசையில் கெட்டித்தன்மைக்குச் சேர்க்கிற பவுடர் வகை. இந்த வகைப் பவுடரைக் குளிர்ந்த தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் மேலே கட்டி தட்டி, உள்ளே மாவாகவே நிற்கும். அதனால் இவற்றில் பலவற்றைச் சுடுநீரில் தூவிக் கலக்கி ஆறவிடுவார்கள், ஆறும்போதுதான் கெட்டிப்படும். தண்ணீர் ஆவியாக ஆவியாக இன்னும் இறுகும்.

கையின் முனையில் ரப்பர் விளிம்பு வைத்த அகலமான ஸ்டீல் மண்வாரி. எந்தப் பட்டையால் தள்ளினாலும் கூழ் இரண்டு ஓரத்திலும் பிதுங்கும், ரப்பருக்கு அடியில் மெல்லிய படலம் மிஞ்சும். போதாததற்கு இந்தக் கரைசல் வேகமாகத் தள்ளினால் இளகும், விட்டதும் கெட்டியாகும். தெறித்தது சுவரில் அப்பிக்கொண்டு வழிவது அதனால்தான். வேலை முடியவே முடியாது.

மேலே விளக்குச் சட்டத்தில் காக்னெக்ஸ் நிறுவனத்தின் பார்வை சென்சார்கள். குறித்த எல்லையைத் திரவம் தாண்டினால் கை வந்து உள்ளே தள்ளும். இப்படிப்பட்ட கேமராவுக்கு ரத்தமும் தெரியாது, சாயமும் தெரியாது. வெளிர்த் தரையில் கருமையான ஒரு பரப்பு, அவ்வளவுதான். கையின் நிழல் அழுத்தமாக விழுந்தால் அதுவும் கருமைதான். இயந்திரப் பார்வை வேலையில் வெளிச்சத்தைச் சமப்படுத்தவே பாதிப் பாடு போய்விடும்.

தள்ளாத நேரத்தில் கை குனியும், நடுங்கும், சொறிந்துகொள்ளும், ஆட்டம் போடும். மொத்தம் 32 அசைவுகள், எல்லாமே நிரலாக எழுதிக் கொடுத்தவை. நாம் மயங்குவது இங்கேதான். எல்லைக் காவலையும் கண்காணிப்பையும் அதன் வன்முறையையும் பற்றிய படைப்பு என்று குகன்ஹைமே விளக்குகிறது. அப்படிப் பார்த்தால் கை காவலாளி, திரவம் அடைக்கப்படுவது. நம் பரிதாபம் மொத்தமும் காவலாளிக்குப் போய்விடுகிறது! உள்ளே தள்ளப்படுவதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எல்லை எந்த இடத்தில் என்று தீர்மானித்தது யார் என்றும் கேட்பதில்லை. எல்லையில் பறக்கும் ட்ரோனிலும், முகம் அறியும் கேமராவிலும் இதே ஏற்பாடுதான்: வரம்பை ஒருவர் குறித்துவிட்டுப் போய்விடுவார், தாண்டியவரைப் பிடிப்பது மட்டும் இயந்திரத்தின் வேலை.

வீடியோவைப் பகிர்பவர்கள் அந்தச் சென்சார் சட்டம் தெரியும் காட்சியையும் சேர்த்துப் பகிருங்கள். வரம்பைக் காக்கும் கண் அதுதான்.