அஞ்செட்டிப் பிள்ளைகளுக்கா காடு தெரியாது?
'காட்டோரப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, தன்னார்வலர்கள் போய்ப் படம் போட்டுக் காட்ட வேண்டும்' என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காட்டை ஒட்டிய அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சில பள்ளிகளுக்குப் போய் வருகிறேன். ராகி முற்றும் பருவத்தில் யானை எந்தப் பக்கமாக இறங்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். அந்த அறிவைப் பாடத்தோடு சேர்த்துவிட ஆள்தான் இல்லை. ஈர மண்ணில் பதிந்த யானையின் முன்னங்கால் தடத்தைக் கயிறு வைத்துச் சுற்றளவு எடுத்து இரண்டால் பெருக்கினால், அதன் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். இதைச் செய்த அன்று, கணக்கு என்றாலே ஒதுங்கும் ஒரு பையன் அந்த உயரத்தைச் சுவரில் கோடு போட்டே தீருவேன் என்று பெஞ்சை இழுத்து வந்தான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், 'பயிரை இழந்த வீட்டுப் பிள்ளையிடம் யானையைக் காப்பாற்று என்று எப்படிச் சொல்வது?' என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எடுத்த எடுப்பில் அதைச் சொல்லக் கூடாது என்பேன்; ராத்திரி காவலுக்குப் போன அப்பா என்ன பார்த்தார் என்று முதலில் பிள்ளைகள் சொல்லட்டும், வனத்துறையிடம் பயிர் இழப்பீடு கேட்பது பற்றியும் பேசுங்கள். படம் கட்டாயம் வேண்டும் என்றால் அது பாம்புக்குத்தான். விஷமில்லாத சாரையைக்கூட அடித்துவிடுகிறார்கள். விஷமுள்ள நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் அடையாளம் காட்டுங்கள். அப்புறம், கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போகவும் சொல்லிக் கொடுங்கள்.