வாட்டைக் கூட்டினால் மட்டும் போதாது
உலோகப் பவுடரை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்கிப் பொருள் செய்யும் 3டி பிரிண்டிங்கில், லேசர் வாட்டைக் கூட்டினால் மேற்பரப்பு வழவழப்பாகும் என்பது மேல்முகத்துக்கு ஓரளவு சரி. தாங்கல் இல்லாமல் தொங்கும் அடிமுகத்துக்கு நேர் எதிர். புதுச்சேரி சேதராப்பட்டில் 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலில் ஒரு வளைவுக் குழாய் பிரிண்ட் அடித்தோம். வாட்டை ஏற்றியதும் உள்கூரை அடிப்பிடித்த தோசைக்கல் மாதிரி வந்தது. கீழே இருப்பது வெறும் பவுடர், அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. உருகிய உலோகம் அதற்குள் இறங்கி உறைந்துவிடும். அடிமுகத்துக்கு மட்டும் வாட்டைக் குறைத்த பிறகுதான் தேறியது. வேகத்தை மட்டும் ஏற்றினாலும் தொல்லைதான், உருகல் கோடு அறுந்து குண்டுகுண்டாகத் திரளும். வழவழப்புக்கு அடுக்கின் தடிமனை 30 மைக்ரானாக்கினால் போதும் என்பவர்களும் உண்டு. அடுக்கு விளிம்புகள் விடும் படிக்கட்டுத் தடம் குறையும், ஓரத்தில் ஒட்டும் பவுடர் மணிகள் எங்கே போகும்? அவற்றின் பருமனே 15 முதல் 45 மைக்ரான். அதுவும் எங்கள் ஊர்க் கடற்காற்றில் ஈரம் கோத்த பவுடர் என்றால், சீராகப் பரவவே பரவாது.