பிரசிடென்ட்டுக்கு நான் நிக்கல

உள்ளாட்சித் தேர்தல் தேதி வருவதற்கு முன்பே எங்கள் ஊரில் வேட்பாளர் பட்டியல் தயாராகிவிட்டது. அதில் என் பெயரும் இருக்கிறதாம். டீக்கடையில் கிளம்பிய பேச்சு கல்யாணப் பந்தி வரை வந்து, போன வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ‘வருங்காலத் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று என் படம் போட்டு, பின்னால் கோட்டை கோபுரமெல்லாம் வைத்து ஒரு போஸ்டர். பையன்களுக்குக் கை சும்மா இருக்காது. ஆளாளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் நிற்கவில்லை. ‘இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்க’ என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை.

என் பெயர் எப்படி அடிபட்டது என்று எனக்குத் தெரியும். உரக்கடை வைத்திருக்கிறேன். உரம் வாங்க வருகிறவர்கள் முதியோர் உதவித்தொகை மனு, பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பு என்று காகிதத்தோடு வருவார்கள். எழுதித் தருவேன். எங்கள் ஊரில் மனு எழுதத் தெரிந்தவன் என்றால் அடுத்தது பிரசிடென்ட்தான். ஆனால் அந்தக் கடையில் எல்லாத் தெருக்காரர்களுக்கும் கடன் பாக்கி நோட்டு இருக்கிறது. நான் மனுத்தாக்கல் செய்த மறுநாளே அந்த நோட்டு பூத் ஏஜென்ட் பட்டியல் ஆகிவிடும். பாக்கி கேட்டால் ‘ஓட்டுப் போடலைன்னு கேக்குறான்’ என்பார்கள், கேட்காவிட்டால் ‘ஓட்டுக்காக விட்டுட்டான்’ என்பார்கள்.

இது சின்னக் காரணம். பெரிய காரணத்துக்கு வருகிறேன்.

2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு டெபாசிட் 600 ரூபாய். ஆணையம் வைத்த செலவு உச்சவரம்பு 34,000. படித்தால் ஏழை எளியவனுக்காகவே வைத்த தேர்தல் மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் அந்த 34,000 கோயில் கமிட்டிக்கும் கபடி டீம் பனியனுக்குமே பத்தாது. அதற்கு மேல்தான் கறிச்சோறு, பாட்டில், கடைசி ராத்திரி கவர். போன முறை பக்கத்து ஊரில் நின்ற ஒருவர் நிலத்தை அடமானம் வைத்து நின்றார். ஜெயித்தார். மாத மதிப்பூதியம் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை 1,000 ரூபாய், பிறகு 2,000 என்று உயர்த்தினார்கள். அடமானத்தை எதில் மீட்பார்? ‘போட்டதை எடுக்கணும்ல’ என்பதை இப்போது யாரும் குற்றமாகக்கூடச் சொல்வதில்லை, நியாயமாகத்தான் சொல்கிறார்கள். சில ஊர்களில் பதவியையே ஏலம் விடுகிறார்கள். கோயிலுக்கு இத்தனை லட்சம் கொடுப்பவர் போட்டியின்றித் தேர்வு. ஒவ்வொரு தேர்தலிலும் ஆணையம் எச்சரிக்கை விடும், ஒவ்வொரு தேர்தலிலும் ஏலம் நடக்கும்.

சரி, நீ கவர் கொடுக்காமல் நில்லேன் என்கிறார் வாத்தியார் நண்பர். நிற்கலாம். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல். பூட்டு சாவியோ ஆட்டோவோ கொடுப்பார்கள். ஆனால் கட்சி இல்லாத இடத்தில் காலி இருக்காது மாப்ள, அங்கே வகையறா உட்கார்ந்திருக்கும். எந்தத் தெருவில் எத்தனை தலைக்கட்டு, எந்தப் பங்காளி யாரோடு பேசுவதில்லை, இந்தக் கணக்கில்தான் ஓட்டு விழும். என்னை நிற்கச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ‘நம்ம ஆளுக ஓட்டு சிதறாது, அந்தத் தெருவுல நாலு பேரைப் பிரிச்சா போதும்’ என்று என்னிடமே சொன்னார் ஒரு சித்தப்பா. அந்த வழியில் ஜெயித்துவிட்டு மறுநாள் எல்லாத் தெருவுக்கும் பொதுவானவன் என்று எப்படி நிற்பது? முதல் தண்ணிக் குழாய் எந்தத் தெருவில் போடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதை எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் 1996-இல் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராக ஜெயித்தார் முருகேசன். 1997 ஜூன் 30-இல் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள், அவரோடு வந்தவர்களையும் சேர்த்து. அதேபோலத் தனித்தொகுதியான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊர்களில் பத்து வருடம் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை, 2006-இல்தான் நடந்தது. நிற்பது என்றால் உயிரைப் பணயம் வைப்பது என்று தெரிந்தே நின்றவர்கள் இருந்த நாட்டில் நான் கடன் நோட்டையும் சித்தப்பாவையும் காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் தயக்கம் வசதியான ஆளின் தயக்கம்தான். தெரிகிறது. தெரிந்தும் நிற்கவில்லை.

வீட்டிலும் பேசினோம். சுழற்சியில் இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கினாலும் ஒதுக்குவார்கள், அப்படி வந்தால் உன் வீட்டம்மாவை நிறுத்து என்று ஒரு யோசனையும் வந்தது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாதி இடம் பெண்களுக்குத்தானே. என் மனைவி கேட்டாள்: ‘நான் நின்னா கையெழுத்து நான் போடுவேன். மீட்டிங்குக்கும் நான்தான் போவேன். நீங்க வீட்டுல இருப்பீங்களா?’ யோசனை சொன்னவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பிரசிடென்ட் புருஷன்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ ஊராட்சி அலுவலகங்களை அவள் பார்த்திருக்கிறாள்.

ஜெயித்த பிறகு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதையும் நிற்க ஆசைப்படும் தம்பிகள் படித்துக்கொள்ள வேண்டும். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது 1994 ஊராட்சிகள் சட்டம். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் எதிரணி ஆளாக அமைந்துவிட்டால் பல்பு மாற்றக்கூடப் பணம் எடுக்க முடியாது. சண்டை முற்றினால் 203-ஆம் பிரிவைக் காட்டி அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுக்கலாம். 205-ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியர் தலைவரைப் பதவிநீக்கமே செய்யலாம். எம்எல்ஏவை எந்த அதிகாரியும் இப்படி அனுப்ப முடியாது. ஒரு ஊர் முழுக்க ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரை அனுப்பலாம்.

ஆனாலும் சாதித்தவர்கள் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்தமாகக் காற்றாலை வாங்கி மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்றது. குத்தம்பாக்கம் இளங்கோ வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து 1996-இல் தலைவரானார். அவரை இடைநீக்கம் செய்தபோது ஊரே கிராமசபையாகக் கூடி அவர் பக்கம் நின்றது, அதற்குப் பிறகு மறுபடியும் பதவிக்கு வந்தார். எல்லோரும் இளங்கோவைப் பற்றிப் பேசுகிறோம். அன்றைக்கு வந்து உட்கார்ந்த கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் ஊரில் நாளைக்கு ஒரு நல்ல பிரசிடென்ட்டை இடைநீக்கம் செய்தால் எத்தனை பேர் வருவோம்?

கிராமசபையே எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முன்பு வருடத்துக்கு நான்கு: குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி. பிறகு மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தபட்சம் 100 பேர் வர வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்த அம்மாக்களை வரிசையில் நிற்கவைத்துப் பதிவேட்டில் கையெழுத்து, கைநாட்டு வாங்கிவிட்டால் நூறு ஆகிவிடும். தீர்மானம் முதல் நாளே எழுதியாகிவிட்டிருக்கும். செயலர் படிப்பார், மைக் கரகரக்கும், சுண்டல் கொடுத்து முடிப்பார்கள். ஒருமுறை எழுந்து, குடிநீர்ப் பராமரிப்புக்குப் போன மாதம் எவ்வளவு செலவு என்று கேட்டேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரே சட்டையைப் பிடித்து இழுத்தார், ‘உக்காருப்பா, வெயில் ஏறுது’.

இந்த ஊருக்கு என்னைப் பிரசிடென்ட் ஆக்கினால் நானும் அதே மைக்கில் அதே தீர்மானத்தைத்தான் படிப்பேன். எதிரில் கேள்வி கேட்க ஆள் இல்லாத நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஆறு மாதத்தில் அதே ஆள் ஆகிவிடுவார், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால் எதிரில் உட்காருகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். ‘நல்லவன் ஒதுங்கினா கெட்டவன் வருவான்’ என்று வாத்தியார் மறுபடியும் சொல்வார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வருகிறவர் யாராக இருந்தாலும் வரவு செலவைக் கேட்க முன்வரிசையில் பத்துப் பேர் இருப்போம் என்பதுதான் இப்போதைக்கு என்னிடம் இருக்கிற பதில். ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அந்தத் தெருக்காரர்கள், சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது.

தேர்தலே வேண்டாம், அரசு நியமிக்கும் தனி அலுவலர் இருந்தால் சண்டை இல்லாமல் போகும் என்று சிலர் பேசுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2016-இல் நடக்கவேண்டிய தேர்தல் எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்படி வந்தவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர். தெருவிளக்கு எரியவில்லை என்று பிரசிடென்ட் வீட்டு வாசலில் போய்க் கத்தலாம். அலுவலர் வீடு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாவிட்டால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றுபோகும். திருடனோ நல்லவனோ, ஓட்டுப் போட்டு வந்தவன் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. எல்லோரும் தலைவர் பதவியையே பார்க்கிறோம். போன முறை தமிழ்நாட்டில் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஏறக்குறைய 99,000 வார்டு உறுப்பினர் பதவிகள் இருந்தன. எங்கள் ஊரில் அதை யாரும் மதிப்பதில்லை, யாரையாவது ‘சும்மா நில்லு’ என்று நிறுத்துகிறார்கள். ஆனால் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவர்கள், மன்றக் கூட்டத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்குபவர்கள் அவர்கள். எங்கள் வார்டில் மகளிர் குழுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதும் ஒரு அக்கா, இந்த முறை மெம்பருக்கு நிற்கட்டுமா என்று கேட்டார். நில்லுங்கக்கா என்றேன். போன முறை மெம்பருக்கு டெபாசிட் 200 ரூபாய்தான், உச்சவரம்பு 9,000. அவர் அதற்குள் முடிப்பார், கவர் கொடுக்க அவரிடம் காசும் இல்லை. வரி பாக்கி இருந்தால் வேட்புமனுவைத் தள்ளிவிடுவார்கள். வீட்டு வரி, தண்ணி வரி ரெண்டையும் இந்த வாரமே கட்டி ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.