தேனீயைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கு

எறும்பிலும் தேனீயிலும் வேலைப் பிரிவினை இருக்கிறது, ஆகவே குலத்தொழில் இயற்கையின் ஏற்பாடுதான் என்னும் வாதம் சில மாதங்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவருடைய பதிவில் தலைகாட்டுகிறது. இயற்கையில் இருப்பதெல்லாம் மனிதருக்கு நியாயமாகிவிடாது என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால், அவர்கள் அழைத்து வரும் சாட்சியே அவர்களுக்கு எதிராகப் பேசுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தேன்கூட்டில் வேலைக்காரத் தேனீ முதலில் அறைகளைச் சுத்தம் செய்கிறது; அடுத்துப் புழுக்களுக்கு ஊட்டுகிறது; பிறகு மெழுகு சுரந்து அடை கட்டுகிறது; ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில்தான் வெளியே பறந்து தேனும் மகரந்தமும் சேகரிக்கிறது. இந்த வரிசைகூடக் கல்லில் எழுதியதன்று. வெளியே செல்லும் மூத்த தேனீக்களை ஆய்வாளர்கள் அகற்றியபோது, இளம் தேனீக்களில் சில ஒரு வார வயதிலேயே அந்த வேலைக்குக் கிளம்பின. ஊட்டும் தேனீக்களை அகற்றியபோது, வெளிவேலைக்குப் போய்விட்ட சில தேனீக்கள் கூட்டுக்குள் திரும்பி மீண்டும் புழுக்களுக்கு ஊட்டத் தொடங்கின. அவற்றின் உடலில் சுருங்கிப்போயிருந்த ஊட்டச் சுரப்பிகளும் மறுபடி வளர்ந்தன. மூத்தவை சுரக்கும் எத்தில் ஓலியேட் என்னும் வேதிப்பொருள் இளையவற்றின் முதிர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. மூத்தவை குறைந்தால் அந்தத் தடையும் தளர்கிறது. யாரும் உத்தரவிடாமலேயே ஆள் குறைந்த இடத்துக்கு ஆள் வந்து சேர்கிறது.

ராணியும் பிறப்பால் வருவதில்லை. ராணியாகும் புழுவும் வேலைக்காரியாகும் புழுவும் ஒரே தாயின் மகள்கள்தான். ஊட்டப்படும் உணவுதான் அவற்றின் வாழ்க்கையைப் பிரிக்கிறது.

பெங்களூரில் ராகவேந்திர கடக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரோபாலிடியா மார்ஜினேட்டா என்னும் காகிதக் குளவியில் இந்த நெகிழ்ச்சி இன்னும் வெளிப்படை. அதன் ராணியை உருவத்தால் அடையாளம் காண முடியாது. பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். அதை எடுத்துவிட்டால் சில நிமிடங்களிலேயே வேலைக்காரக் குளவிகளுள் ஒன்று மற்றவற்றின் மீது பாயத் தொடங்குகிறது. ராணி திரும்பாவிட்டால் அதுவே முட்டையிடும் அடுத்த ராணியாகி, பிறகு சாதுவாகவும் ஆகிவிடுகிறது.

இத்தகைய பிரிவினை எப்படித் தொடங்கியிருக்கும் என்பதற்கு ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம் எளிமையானது. கழுவாத பாத்திரம் வீட்டில் யார் கண்ணை முதலில் உறுத்துகிறதோ அவரே எழுந்து கழுவுவார். கழுவக் கழுவக் கை பழகும். மற்றவர் கண்ணுக்கு அது படாமலே போய்விடும். (நம் வீடுகளில் அது யாருடைய கண்ணாக இருக்க வேண்டுமென்று முன்கூட்டியே பழக்கிவைத்திருக்கிறோம் என்பது வேறு கதை.) சிறிய வேறுபாடு இப்படித்தான் நிலையான பங்காகிறது.

மீள முடியாத பிரிவினையும் இயற்கையில் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வால்வாக்ஸ் கார்ட்டெரி என்னும் நன்னீர்ப் பாசியின் கோளத்தில் சுமார் 2,000 உயிரணுக்கள் நீந்தும் வேலையை மட்டும் செய்து, சந்ததியின்றி மடிகின்றன. இனப்பெருக்கம் செய்பவை 16 வரையிலான பெரிய அணுக்கள் மட்டுமே. இந்தத் தியாகம் நிலைபெற்றதற்குக் காரணம், இரு வகை அணுக்களும் ஒரே அணுவிலிருந்து பிரிந்த நகல்கள் என்பதுதான். மடியும் அணுவின் மரபணு பெருகும் அணுவின் வழியாக முழுமையாகத் தொடர்கிறது. உழைத்ததன் பயன் உழைத்ததன் வம்சத்துக்கே சேர்கிறது. எறும்பிலும் தேனீயிலும் உழைப்பவை பெரும்பாலும் தம் தாயின் குடும்பத்துக்காகவே உழைக்கின்றன.

சாதி வெறும் உழைப்புப் பிரிவினை அன்று, உழைப்பாளர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார். அதன்மேல் உயிரியல் சேர்க்கும் கேள்வி ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக மலக்குழியில் இறக்கப்பட்டவரின் உழைப்பால் யாருடைய சந்ததி தழைத்தது? உழைப்பின் பயன் உழைத்தவரின் வம்சத்துக்கே சேர வேண்டும் என்பதுதான் பாசியிலும் கூட்டிலும் நிறைவேறும் நிபந்தனை; அது எந்த ஊரில், எந்த இரு சாதிகளுக்கிடையே நிறைவேறியது என்று குலத்தொழிலை ஆதரிப்பவர்கள் காட்டட்டும். எறும்பைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.