லூசில் பாலைப் ‘பிறவிக் கலைஞர்’ என்று சொல்லாதீர்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை லூசில் பாலைப் பற்றி யார் எழுதினாலும் ‘பிறவி நகைச்சுவைக் கலைஞர்’ என்று ஒரு வார்த்தை வந்து விழுந்துவிடுகிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தப் பாராட்டு அவர் பட்ட பாட்டை அப்படியே மறைத்துவிடுகிறது.

1911-ல் நியூயார்க் மாநிலம் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். 3 வயதில் அப்பாவை டைஃபாய்டு கொண்டுபோய்விட்டது. நடிப்புப் பள்ளியில் சேர்ந்தால், ‘கூச்ச சுபாவம், தேறாது’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலிவுட்டில் ஏறக்குறைய 20 வருஷம் துண்டு வேடங்கள், இரண்டாம் தரப் படங்கள். அவர் லூசி என்ற மனைவியாக நடித்த ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடர் 1951 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது அவருக்கு வயது 40.

அந்தத் தொடரில் 1952-ல் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. லூசியும் தோழி எதெலும் ஓடும் பெல்ட்டில் வரும் சாக்லேட்டுகளைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை போய்விடும். முதலில் மெதுவாக வருகிறது; இவ்வளவுதானா என்று ஒரு நிம்மதி முகத்தில். அப்புறம் வேகம் கூடுகிறது. வாயில் திணிக்கிறார், தொப்பிக்குள் போடுகிறார், சட்டைக்குள் தள்ளுகிறார். மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார், பெல்ட் காலியாக இருக்கிறது. பிரமாதம் என்று இன்னும் வேகமாக ஓடவிடச் சொல்கிறார்! ரசிகர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கப் படமாக்கிய காட்சி இது. ஒத்திகை பார்த்துப் பார்த்துக் கைக்குப் பழகினால் ஒழிய இந்தத் தடுமாற்றம் இவ்வளவு துல்லியமாக வராது.

கியூபாவில் பிறந்த டெசி ஆர்னஸ்தான் நிஜத்திலும் அவர் கணவர். அவரே தொடரிலும் கணவராக வர வேண்டும் என்றபோது சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் தயங்கியது. லூசில் விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, மூன்று கேமராக்களில் ஃபிலிமில் படமாக்கி, அந்த ஃபிலிமின் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்திடம் வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை ஒளிபரப்பானதை மறுபடி போட்டுக் காசாக்கலாம் என்று பெரிதாக யாரும் நினைக்காத காலம் அது.

அவர் கர்ப்பமானபோது அதையும் கதையில் சேர்த்தார்கள். ஆனால் ‘கர்ப்பம்’ என்ற சொல்லை மட்டும் உச்சரிக்கக் கூடாதாம். 1953 ஜனவரி 19 அன்று நிஜத்தில் மகன் பிறந்தான். அன்றிரவே தொடரிலும் லூசிக்குக் குழந்தை பிறந்தது. பார்த்தவர்கள் சுமார் 4.4 கோடிப் பேர்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்தது. ஒரு காலத்தில் அவர் சம்பளத்துக்கு நடித்த ஆர்கேஓ ஸ்டுடியோவை 1957-ல் டெசிலு விலைக்கு வாங்கியது. 1960-ல் விவாகரத்து. 1962-ல் டெசியின் பங்கையும் வாங்கி லூசிலே தலைவரானார். ‘ஸ்டார் டிரெக்’கும் ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரும் அவர் காலத்தில் அங்கே உருவானவைதான்.

சரி, சந்தேகம் இருந்தால் அந்தச் சாக்லேட் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அவர் கண்களை மட்டும் பாருங்கள்.