ஆசிச் செய்திகளுக்கு அடியில் ஓர் ஊர்

போன கிழமை ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். எந்தச் சங்கம் என்பது வேண்டாம். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, அப்புறம் பொன்னாடை. பொன்னாடைகள் முடியவே முக்கால் மணித்தியாலம். வாசலில் விழா மலரைக் கையில் தந்தார்கள். வீட்டுக்கு வந்து புரட்டினால் முதல் 22 பக்கமும் ஆசிச் செய்தி, வாழ்த்துச் செய்தி. இந்தச் சங்கம் யார் வீட்டு விறாந்தையில் தொடங்கியது என்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

கேலிக்காகச் சொல்லவில்லை. விழா மலர் சேர்க்கிற பைத்தியம் எனக்கு உண்டு. கொழும்புத் தமிழருக்கு ஊர் வரலாறு என்று ஒன்று இருக்கிறதென்றால், அதில் பாதி இந்த மலர்களுக்குள்தான் கிடக்கிறது. கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், வெள்ளி விழா மலர். ஒருவர் இறந்த 31ஆம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கிற நினைவு மலரான கல்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தது என்பதை வேறெங்கே போய்ப் பார்ப்பது?

ஆள வந்தவர்களின் தேதிகளுக்குக் குறைவில்லை. ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656, ஆங்கிலேயர் 1796, மாநகர சபைக்கான சட்டம் 1865. அமைப்புகளுக்கும் அப்படித்தான்: அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை 1845, கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942. ஆனால் செட்டியார் தெருவில் முதல் நகைக்கடை எந்த நாளில் திறந்தது? காலி வீதியில் முதன்முதலாகத் தோசைக்கல் வைத்தவர் யார்? அவற்றுக்கு விளக்கேற்ற நாளும் இல்லை, கூட்டம் போட ஆளும் இல்லை.

அதனால்தான் பழைய மலர் கிடைத்தால் நான் முதலில் திருப்புவது விளம்பரப் பக்கங்களை. புடவைக்கடை, அச்சகம், சைவ ஹோட்டல், சைக்கிள் கடை, கடை இலக்கம், உரிமையாளர் பெயர். அன்று அது அச்சுச் செலவுக்குத் திரட்டிய காசு, அவ்வளவுதான். ஆனால் 1983 ஜூலைக் கலவரத்துக்கு முன் அச்சான மலராக இருந்தால், எரிந்துபோன ஒரு தெரு வரிசையாக அதில் நிற்கிறது. எந்த அறிஞரும் எழுதித் தராத வரலாறு அது, அரைப்பக்கம் அரைப்பக்கமாக. பெரியோரின் ஆசியுரையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'தங்கள் பணி மேலும் சிறக்க வாழ்த்துகிறேன்.' பெயரை மாற்றினால் எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு, மறைப்பானேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மலர்க் குழு பழைய படம் கேட்டது. அப்பா நிற்கிற குழுப் படத்தைக் கொடுத்தேன். 'ஆரம்பகால உறுப்பினர்கள்' என்று மட்டும் போட்டு அச்சிட்டார்கள். பன்னிரண்டு பேர், ஒருவருக்கும் பெயர் இல்லை. மூலப் படம் திரும்பி வரவும் இல்லை. இப்போது என்னிடம் இருப்பது புள்ளி புள்ளியாகத் தெரிகிற அந்தப் பக்கம்தான்.

ஆண்டு விழா எடுங்கள், நான் எதிரில்லை. விழா என்று சொன்னால்தான் வீட்டில் றங்குப் பெட்டி திறபடுகிறது. 'வரலாறு எழுதப் போகிறோம், தாருங்கள்' என்று கேட்டால் யார் தரப் போகிறார்கள்? பவள விழா என்றால் ஒரு கிழமையில் படம் வரும், கடிதம் வரும். அந்த நேரத்தில் ஆசிச் செய்தியை நாலு பக்கத்துக்குள் அடக்கிவிட்டு, வந்த படத்துக்கு இடமிருந்து வலமாகப் பெயர் போடுங்கள். மலரின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இல் தொடங்கிய அந்த இணைய நூலகத்தில் இப்படிப்பட்ட மலர்கள் எத்தனையோ ஏறியிருக்கின்றன. கறையான் அங்கே போகாது.

சரி, என் பங்குக்கு ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை மாமியிடம் போனேன். வயது எண்பத்தெட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் ஏழு பேரைச் சொல்லிவிட்டார். எட்டாவது ஆளில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இவன் கொப்பரிட்டைக் காசு வாங்கித் திருப்பித் தராதவன், மோனை. பேர்தான் வருகுதில்லை."